நாற்பத்தொன்றாம் கிலோமீட்டரில் கரை இல்லை

நாற்பத்தொன்றாம் கிலோமீட்டர் கல்லிலிருந்து நாற்பத்து மூன்றாம் கல் வரைக்கும் தண்டவாளம் எதன் மேலும் இல்லாமல் நிற்கிறது. அதன் மேல் தினமும் நாலு வண்டி போய் வருகின்றன: இரண்டு பயணிகள் வண்டி, ஒரு சிமெண்ட் வண்டி, அதே சிமெண்ட் வண்டி காலியாகத் திரும்பும்போது இன்னொன்று. அடியில் நாலு ஆள் உயரத்துக்குப் பள்ளம். பாதி நாணல், பாதி தண்ணீர். வெயில் நாட்களில் ஆடு மேய்ப்பவர்கள், தண்டவாளத்துக்குக் குறுக்கே கிடக்கும் ஸ்லீப்பர் கட்டைகளின் நிழல் ஏணி மாதிரி விழுகிற இடமாகப் பார்த்துப் படுத்துக்கொள்வார்கள். வண்டி தலைக்கு மேல் போகும்போது தூசி கொட்டும் என்று துண்டை முகத்தில் போட்டுக்கொள்வார்களே தவிர, எழுந்து உட்காரக்கூட மாட்டார்கள்.

முன்பு அங்கே நல்ல மண்கரை இருந்தது. கரைக்குக் கீழே தண்ணீர் போக ஒரு சின்னப் பாலம், குனிந்துதான் உள்ளே நுழைய முடியும். அதைக் கட்டியவர்கள் அந்தக் காலத்து மழையை அளந்து கட்டினார்கள். அந்தக் காலத்து மழை மாதக்கணக்கில் நிதானமாகப் பெய்யும். பிறகு மழையின் குணம் மாறிவிட்டது. எட்டு மாதம் எட்டிப் பார்க்காது, வந்தால் ஒரு வருட மழையை ஒரு வாரத்தில் கொட்டிவிட்டுப் போகும். அந்தப் பகுதியைத் தினமும் நடந்து பார்க்கும் கீமேன் இதைக் கவனித்து, பாலம் போதாது, பெரிதாக்க வேண்டும் என்று மூன்று வருடம் மூன்று கடிதம் எழுதினார். தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்திருக்கும் கிளிப்புகளைச் சுத்தியலால் தட்டி இறுக்கிக்கொண்டே நடப்பதுதான் கீமேன் வேலை. சுத்தியலுக்குப் பழகிய கை, எழுத்து கோழி கிளறியது போல் இருக்கும். மூன்றுக்கும் ஒரே பதில் வந்தது: பழைய மழை விவரப்படி பாலம் போதுமானது. பழைய மழைக்குப் போதும் என்பது அவருக்கும் தெரியும். புது மழைக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை.

நாலாவது வருடம் அந்த மழை வந்தது. நாலு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் உச்சி வேளையில் கரையின் ஒரு பக்கம் ஏரியாக நின்றது, மறுபக்கம் வயிற்றளவு தண்ணீர்கூட இல்லை. கரை வெல்லக்கட்டி போல ஓரத்திலிருந்து கரைந்து, ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு கிலோமீட்டர் மண்ணும் ஜல்லியும் சின்னப் பாலமும் சேர்ந்து கிழக்கே போய்விட்டன. தண்டவாளமும் கட்டைகளும் இருந்த இடத்தில் இருந்தன. அவற்றைக் கூட வரும்படி தண்ணீர் கேட்கவில்லை போலிருக்கிறது. மேட்டில் ஒதுங்கியிருந்த இரண்டு ஆட்டுக்காரர்கள் இதைப் பார்த்தார்கள். அவர்களிடம் யாரும் விசாரிக்கவில்லை, அவர்களாகச் சொல்லவும் இல்லை, ஏனென்றால் அவர்களுக்கு ஆடு போன துக்கம்.

மழை விட்ட அன்று காலை ஆறு மணிக்குக் கீமேன் ஸ்டேஷனிலிருந்து நடக்க ஆரம்பித்தார். ஸ்டேஷன் முப்பத்தொன்பதாம் கிலோமீட்டரில். நாற்பத்தொன்றுக்கு வந்தபோது காலடியில் கரை முடிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். தண்டவாளம் மட்டும் நேராகக் காற்றில் போய்க்கொண்டிருந்தது. இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதில் சந்தேகமே கிடையாது. சிவப்புக் கொடியை நட வேண்டும், திரும்பி ஓட வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், வண்டியை நிறுத்த வேண்டும். முப்பது வருடம் அதற்காகத்தான் அவருக்குச் சாப்பாடு.

அவர் கரையின் நுனியில் உட்கார்ந்துவிட்டார். அவர் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, ஒன்பது நாற்பது வண்டியில் பெரிய நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு மாலை வண்டியில் வருவாள். மழையில் வண்டி நின்று இரண்டு முறை தவறிவிட்டது. முகம் ஊதிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று மூன்று நாளாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். சாலைப் பாலமும் போய்விட்டது. வண்டியை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். பக்கத்துக் கிளைத் தடத்தை ஆறு வருடத்துக்கு முன் வெள்ளம் அரித்தபோது தற்காலிகமாக மூடினார்கள். இப்போது அந்தத் தண்டவாளங்களுக்கு நடுவில் கதவு செய்யும் அளவுக்கு மரம் வளர்ந்திருக்கிறது.

எழுந்து ஒரு காலை முதல் கட்டையில் வைத்தார். தாங்கியது. இரண்டாவதில் வைத்தார். கீழே பார்க்காமல் மறுமுனை வரை நடந்தார், திரும்பி வந்தார். வருகிற வழியில் நாலு கிளிப்பு தளர்ந்திருந்தது, பழக்க தோஷத்தில் தட்டி இறுக்கினார். ஸ்டேஷனுக்கு வந்து பதிவேட்டில் ‘தடம் சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு வீட்டுக்குப் போய் மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து, எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். போனால் சேர்ந்தே போகட்டும் என்று நினைத்தார். அந்த வண்டியில் இருநூற்றுப் பத்துப் பேர் இருந்தார்கள். அவர்களையெல்லாம் பணயம் வைக்க இவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டால், யாரும் கொடுக்கவில்லை. அதை அவர் ஒருநாளும் மறக்கவும் இல்லை. வண்டி நாற்பத்தொன்றைத் தாண்டியபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி ஜன்னல் வழியே பார்த்தாள்.

“தண்ணி ரொம்பக் கீழ இருக்குதுங்க,” என்றாள்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே ஏட்டுக் கரை ரயிலைத் தாங்கியது. அப்படித்தான் அவர் நம்பினார். அந்த நம்பிக்கைக்கு அவரிடம் ஆதாரமும் இருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு வந்த முதல் கோடையில் ஒருநாள் அவருக்குக் கால் பிசகிவிட்டது, காலை நடையை முடித்துத் திரும்பவே மத்தியானம் ஆகிவிட்டது. எங்கோ எஞ்சின் கெட்டு அன்றைக்கு வண்டியும் வரவில்லை. நொண்டிக்கொண்டு வரும்போது பார்க்கிறார், தண்டவாளம் நடுவில் ஒரு சாண் இறங்கி, துணி காயப்போட்ட கொடி மாதிரித் தொய்ந்திருக்கிறது. வியர்வை வழிய ஸ்டேஷனுக்கு வந்து முதல் வேலையாக ‘தடம் சரி’ எழுதினார். நாலு மணிக்கு மனம் கேட்காமல் மறுபடி போய்ப் பார்த்தால், நூல் பிடித்தது போல் நேராக நிற்கிறது. அன்றோடு முடிவு செய்துவிட்டார்: எழுதாவிட்டால் இறங்கும், எழுதினால் நிற்கும். இரும்பு வெயிலில் நீளும், குளிர்ந்தால் சுருங்கும் என்பது தண்டவாளத்தில் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொள்வது. அன்று மூன்று மணிக்கு மேகம் போட்டு நாலு தூறல் விழுந்திருந்தது. அவர் தலையிலும்தான் விழுந்தது. பயந்தவனுக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோகும்.

அதற்குப் பிறகு அவர் லீவு என்று ஒன்று எடுக்கவில்லை. மகள் கல்யாணத்துக்குக் காலையில் எழுதிவிட்டுப் புறப்பட்டு, தாலி கட்டி முடிந்ததும் சாப்பிடாமல் திரும்பினார். சம்பந்தி வீட்டார் அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள். சொந்த அண்ணன் இறந்தபோது போகவே இல்லை. மாற்று ஆள் போட்டால் அவன் உண்மையை எழுதிவிடுவானோ என்ற பயம். கூடவே இன்னொரு பயமும் வளர்ந்தது. அதே வண்டியில் டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் வருடத்துக்கு ஒருவர் இருவராகக் கூடி இப்போது பதினான்கு பேர் ஆகியிருந்தார்கள். எல்லாரும் ஒரே பெட்டியில் உட்கார்ந்து, கையில் ஊசி குத்தின இடத்தை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு, சிரித்துப் பேசிக்கொண்டு போவார்கள். அந்தப் பதினான்கு பேரையும் இவர் தன் பேனா முனையில் தூக்கிப் பிடித்திருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தார்.

மனைவிக்கு எல்லாம் தெரியும் என்று அவருக்குத் தெரிய நாலு வருடம் ஆனது. ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே அவள் பேச்சை எடுத்தாள்.

“முழுப் பூசணிக்காய சோத்துல மறைப்பாங்க. நீங்க ரெண்டு கிலோமீட்டர் பள்ளத்த நோட்டுல மறைச்சிட்டீங்க.”

“உனக்கு யாரு சொன்னா?”

“எனக்குக் கிட்னிதான் போச்சு. கண்ணு இருக்குல்ல.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். “எழுதிடுங்க. கரை கட்டட்டும். எத்தன பேரு போறாங்க, எத்தன குழந்தைங்க. எனக்காக இவ்ளோ பேரு அந்தரத்துல போகணுமா?”

“எழுதினா கட்ட மாட்டான். மூடுவான். மூடினா அது மூடினதுதான்.”

“அப்ப எழுதலன்னா?”

“எழுதலன்னாலும் கட்ட மாட்டான். அதான் சரின்னு எழுதியிருக்கே.”

அவள், “நல்லா மாட்டிக்கிட்டீங்க போங்க,” என்று சொல்லி மறுபடி காயை எடுத்துக்கொண்டாள். இந்தப் பேச்சை அவர்கள் அதற்குப் பிறகு பலமுறை பேசினார்கள். வார்த்தைகூட மாறவில்லை.

ஒன்பதாவது வருடம் அரசாங்கத்துக்கு ஞானம் பிறந்தது. எங்கு பார்த்தாலும் வெள்ளத்தில் தடம் போகிறது, வெயிலில் தண்டவாளம் வளைகிறது, புயலில் கம்பம் சாய்கிறது. இனி எந்த மழைக்கும் எந்த வெயிலுக்கும் அசையாதபடி எல்லாவற்றையும் பலப்படுத்துவது என்று முடிவெடுத்து ஒரு குழு போட்டார்கள். குழு கெட்டிக்காரக் குழுதான், அதைக் குறை சொல்வதற்கில்லை. பலவீனமான இடங்களைக் கண்டுபிடிக்க நாடு முழுக்க ஆபீஸ்களில் இருக்கும் சேத விவரங்களை வாங்கிப் பட்டியல் போட்டார்கள். அடிக்கடி சேதம் வந்த இடத்துக்குப் பெரிய பாலம், உயரமான கரை, கரையின் இரு பக்கமும் கல் பதிப்பு. அங்கெல்லாம் வேலை உண்மையிலேயே நடந்தது, நன்றாகவும் நடந்தது. பட்டியலின் கடைசியில், ஒன்பது வருடத்தில் ஒரு கூடை மண்கூடச் சரியாத ஒரே ஒரு பகுதி இருந்தது. அத்தனை மழையையும் அது எப்படித் தாங்கியது என்று தெரிந்துகொண்டு மற்ற இடங்களிலும் அதே மாதிரி செய்ய வேண்டும் என்று குழு கிளம்பி வந்தது.

அன்று காலை மனைவி அவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். “இன்னைக்குச் சொல்லிடுங்க. இவங்க கட்டுற ஆளுங்க. மூடுற ஆளுங்க இல்ல,” என்றாள். அவர் தலையாட்டினார். சொல்லிவிடுவது என்றுதான் போனார்.

குழு ஏ.சி. ரயில் பெட்டியில் வந்தது. வெயில் என்பதால் திரை போட்டிருந்தது. பள்ளத்தின் நடுவில் வண்டியை நிறுத்தினார்கள். ஓர் இளம் இன்ஜினியர் மட்டும் கதவைத் திறந்து இறங்கப் போய், காலை உள்ளே இழுத்துக்கொண்டான். “சார், கீழ ஒண்ணுமே இல்ல,” என்றான். தலைவர் மடியிலிருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தார். “சேதம் ஏதாவது பதிவாகியிருக்கா?” “இல்ல சார்.” “அப்புறம் என்ன?” இளைஞன் கதவை மூடிவிட்டான். அவனுக்குப் புது வேலை.

ஸ்டேஷனில் தலைவர் கீமேனைக் கூப்பிட்டுத் தோளில் கை போட்டார். இத்தனை வருடத்தில் அவர் தோளில் கை போட்ட முதல் அதிகாரி அவர்தான். “ஒன்பது வருஷம், ஒரு நாள்கூட லீவு இல்லையாமே. தடம் எப்படி இருக்கு, நீங்களே சொல்லுங்க,” என்றார். கீமேன் வாயைத் திறந்தார். பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் பதினான்கு பேரும் வண்டிக்காக உட்கார்ந்திருந்தார்கள், வியாழக்கிழமை. அவர்களில் அவர் மனைவியும் இருந்தாள், இவரைப் பார்த்தபடி. சொன்னால் இன்றைக்கே நிறுத்துவார்கள். கட்டுவதற்கு இரண்டு வருடமாவது ஆகும். அன்று போன சாலைப் பாலத்தையே இன்னும் கட்டவில்லை. இரண்டு வாரம்கூட அவர்களுக்குக் கிடையாது.

“எல்லாம் சரியா இருக்கு சார்.”

முன்மாதிரித் தடம் என்று ஸ்டேஷன் சுவரில் ஒரு பித்தளைப் பலகை பதித்தார்கள். அன்று மாலை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது மனைவி அந்தப் பலகையைப் படித்துவிட்டு, வீட்டுக்கு நடந்தாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

பதினோராவது வருடம், இனிமேல் கூட்டிவர வேண்டாம், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்த வாரச் சனிக்கிழமை காலை அவர் சுத்தியலை எடுக்கும்போது அவள் கண்ணைத் திறந்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வந்தது.

“இன்னைக்குப் போகாதீங்க. ஒரு நாள் பக்கத்துல இருங்க.”

அவர் நின்றார். கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நின்றார். சனிக்கிழமை. பதினான்கில் இவள் போக மீதிப் பதின்மூன்று பேர் வண்டிக்கு வருவார்கள்.

“ஒம்பதுக்குள்ள வந்துடுவேன். எழுதிட்டு ஓடி வந்துடுறேன்,” என்றார்.

“சரி,” என்றாள். சரி என்று சொல்லித்தான் அவளுக்குப் பழக்கம்.

அவர் அன்று ஓட்டமும் நடையுமாகப் போனார். தளர்ந்த கிளிப்புகளைக்கூட விட்டுவிட்டார். எட்டே காலுக்கு எழுதினார், எட்டரைக்கு வீட்டில் இருந்தார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். “இப்பதான், தண்ணி கேட்டா, எடுத்துட்டு வர்றதுக்குள்ள,” என்று சொல்லி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒன்பது நாற்பது வண்டி நேரத்துக்குப் போனது. பதின்மூன்று பேரில் இருவர் அவளுக்காக ஜன்னல் வழியே வீட்டுப் பக்கம் பார்த்துக் கும்பிட்டதாகச் சொல்வார்கள். மத்தியானமே எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. டயாலிசிஸ் கிடையாது. ஆறு மணிக்கு நடந்து ஒன்பதுக்கு ஸ்டேஷனுக்கு வந்தவர் பதிவேட்டைத் திறந்து, கோழி கிளறிய எழுத்தில் நிறுத்தி நிதானமாக எழுதினார்: ‘41 முதல் 43 வரை கரை இல்லை. பதினோரு வருடமாக இல்லை. நான் பொய் எழுதினேன்.’ தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன. எழுதியதை ஸ்டேஷன் மாஸ்டரிடம் காட்டி, வண்டியை நிறுத்தச் சொன்னார். ஸ்டேஷன் மாஸ்டர் புதிதாக வந்த பெண், அவர் மகளைவிடச் சின்னவள். படித்துவிட்டுத் தலைமை ஆபீஸுக்குப் போன் செய்தாள். அவள் கேட்டுக்கொண்டிருந்ததுதான் அதிகம். போனை வைத்துவிட்டு அவருக்கு ஒரு நாற்காலி போட்டாள்.

“அது முன்மாதிரித் தடமாம். வீட்டுல துக்கம், மனசு சரியில்லாம எழுதியிருப்பாரு, நாளைக்கு லீவு குடுங்கன்னு சொல்றாங்க அண்ணே.”

“வண்டிய நிறுத்துங்கம்மா. நான் சரின்னு எழுதலன்னா தண்டவாளம் நிக்காது.”

அவளுக்குப் புரியவில்லை. புரிந்தபோது அவரைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துச் சொன்னாள். “அண்ணே, தடம் சரின்னு நாங்க காலைல ஆறு மணிக்கே அனுப்பிடுறோம். நீங்க நடக்க ஆரம்பிக்கும்போதே. வெள்ளம் வந்த வருஷமே வந்த உத்தரவு அது, வண்டிங்க தாமதமாகக் கூடாதுன்னு. இந்த நோட்டு வருஷக் கடைசில இன்ஜினியர் கையெழுத்துக்குப் போகும், அவ்வளவுதான். வேற யாரும் இதப் படிக்கிறதில்ல.”

ஒன்பது நாற்பது வண்டி புறப்பட்டது. அவர் பிளாட்பாரத்தின் கோடிக்குப் போய் நின்று, சத்தத்துக்காகக் காத்திருந்தார். எந்தச் சத்தமும் வரவில்லை. கடைசிப் பெட்டி நாற்பத்து மூன்றாம் கல்லைத் தாண்டி வளைவில் மறைந்தது. அந்த வருடக் கடைசியில், அவர் எழுதிய மூன்று வரிக்கும் கீழே இன்ஜினியர் பச்சை மையில் ‘பார்த்தேன்’ என்று கையெழுத்துப் போட்டார். மற்ற பக்கங்களிலும் அதுதான் இருந்தது. கரையை யாரும் கட்டவில்லை, தடத்தை யாரும் மூடவில்லை, தண்டவாளம் இறங்கவும் இல்லை.

அவள் போன மூன்றாம் நாள், திங்கட்கிழமை, அவருக்கு லீவு. காலையில் சுத்தியலை எடுக்கவில்லை. கட்டில் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்து வீட்டு அக்கா சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். ஒன்பது நாற்பதுக்கு வண்டி கடந்தது, மத்தியானம் சிமெண்ட் வண்டி கடந்தது, சாயங்காலம் மற்ற இரண்டும் கடந்தன. நாலும் அன்று நேரத்துக்குத்தான் போயின.